முதல் பிளேபுக்: காகிதத்தில் எத்தனை பிளே, களத்தில் எத்தனை பிளே

இந்தப் பதிவில் ஃபுட்பால் என்று சொல்வதெல்லாம் அமெரிக்க ஃபுட்பால். அங்கே ஒரு ஹைஸ்கூல் அணியில் முதன்முறையாக ஆஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர் ஆகிறவர், அதாவது பந்து தம் அணியிடம் இருக்கும்போது என்ன செய்வது என்று வகுத்துக் கொடுக்கிற கோச், ஆகஸ்ட் பயிற்சிக்கு முன்னால் ஒரு பிளேபுக், அதாவது அணி ஆடப்போகும் பிளேக்களின் (முன்கூட்டியே வகுத்த நகர்வுகளின்) தொகுப்பு, தயாரித்தாக வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் அணிகளின் பழைய பிளேபுக்குகள், கல்லூரி அணிகளின் பிளேபுக்குகள் என இணையத்தில் அகப்பட்டதையெல்லாம் இறக்கி, பிடித்ததை வெட்டி ஒட்டி, ஜூன் முடிவதற்குள் 150 பிளே கொண்ட தடிமனான கோப்பு ஒன்று உருவாகிவிடும். காகிதத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். முதல் மேட்சில் முன்வரிசையில் மறிக்க வேண்டிய லெஃப்ட் கார்டு தப்பான பக்கம் ஓடுவார், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் தன்னைக் காத்து மறிக்க ஆளில்லாமல் விழுவார்.

பிளேபுக்கின் அளவைத் தீர்மானிப்பது கோச்சுக்கு எவ்வளவு தெரியும் என்பதல்ல, பயிற்சியில் எத்தனை தடவை ஓட்டிப் பார்க்க முடியும் என்பதுதான். அதனால் படம் வரைய உட்காரும் முன் கணக்குப் போட வேண்டும்.

பள்ளிப் பயிற்சி சுமார் 2 மணி நேரம். வார்ம் அப், பொசிஷன் வாரியாகத் தனிப் பயிற்சி, டிஃபென்ஸ், கிக்கிங் எல்லாம் போக, 11 பேரும் சேர்ந்து ஆஃபென்ஸ் ஓட்டக் கிடைப்பது 25 அல்லது 30 நிமிடம். ஒரு பிளேயை ஓட்டி, தவறைச் சொல்லி, திரும்ப வந்து வரிசையில் நிற்க ஒரு நிமிடமாவது ஆகும். ஒரு பிளேயை ஒரு தடவை ஓட்டுவது ஒரு ரெப். ஆக, நாளுக்கு 30 ரெப். வெள்ளிக்கிழமை மேட்ச் என்றால் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள், அதில் வியாழன் பெரும்பாலும் மெதுவாக நடந்து பார்க்கிற நாள். முழு வேகத்தில் வாரத்துக்கு 90, 100 ரெப் கிடைத்தால் பெரிது. இனி அடுத்த பாதிக் கணக்கு. ஒரே ரன் பிளேயை (பந்தைச் சுமந்து ஓடுவதை) வலப்பக்கம் ஓட்டுவதும் இடப்பக்கம் ஓட்டுவதும் முன்வரிசையில் மறிக்கும் லைன்மேனுக்கு இரண்டு வெவ்வேறு வேலை. எதிரணி முன்வரிசையில் நான்கு பேரை நிறுத்தினால் ஒரு வேலை, மூன்று பேரை நிறுத்தினால் இன்னொரு வேலை. எனவே காகிதத்தில் ஒன்றாகத் தெரியும் பிளே களத்தில் நான்கு. ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு இரண்டே ரெப் என்று வைத்தாலும் ஒரு பிளே எட்டு ரெப்பைத் தின்றுவிடும். 100 ரெப்பில் எட்டு எட்டாகக் கழித்தால் 12 பிளேயோடு தீர்ந்துவிடும். மேட்சிலோ ஒரு அணிக்குக் கிடைப்பது தோராயமாக 50 முதல் 60 ஸ்னாப்தான், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்துப் பிளே தொடங்கும் தடவைகள். 150 பிளேக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் இடமில்லை.

முதல் வருடத்துக்கு என் சிபாரிசு: ஐந்து ரன், ஐந்து பாஸ் கான்செப்ட் (ரிசீவர்களின் பாதைகள் சேர்ந்த ஒரு அமைப்பு), இரண்டு ஸ்கிரீன் (மறிப்பவர்களை முன்னால் விட்டு எறியும் குறுகிய பாஸ்), ஒரு பூட்லெக் (ரன் போலக் காட்டி, குவாட்டர்பேக் மறுபக்கம் ஓடிக்கொண்டே எறிவது). இத்தோடு கோல் லைனுக்கும் டச்டவுனுக்குப் பிறகான இரண்டு பாயிண்ட் முயற்சிக்கும் ஓரிரு தனி பிளே. அவ்வளவே. குறைவாக வைத்துப் பெரிதாகச் சாதித்தவர்கள் இந்த விளையாட்டில் நிறையவே உண்டு. கிரீன் பே பேக்கர்ஸில் கோச் வின்ஸ் லொம்பார்டி முதலில் கற்றுக்கொடுத்தது ஓரமாகச் சுற்றி ஓடும் ஸ்வீப் என்ற ஒரே பிளே. அந்த ஒன்றைப் பற்றியே அவர் எட்டு மணி நேரம் வகுப்பெடுத்ததை நேரில் கேட்டதாகப் பின்னாளில் புகழ்பெற்ற கோச் ஜான் மேடன் சொல்லியிருக்கிறார். 1989ல் அயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் ஹால் மம்மியும் மைக் லீச்சும் சேர்ந்து தொடங்கிய ஏர் ரெய்டு முறையும் அப்படித்தான்: கையளவு பாஸ் பிளே, அதையே நாள் தவறாமல் ஓட்டுவது.

அடுத்து ஆட்கள். வரைவதற்கு முன்பு ஹெட் கோச்சிடம் உட்கார்ந்து சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை பையன்கள் ஆஃபென்ஸ், டிஃபென்ஸ் இரண்டிலும் ஆடுகிறார்கள்? 30 பேர் மட்டுமே உள்ள அணியில் பாதிப் பேர் இரு பக்கமும் ஆடுவார்கள். அங்கே ஹடில் (ஒவ்வொரு பிளேக்கும் முன் கூடி நின்று பேசுவது) இல்லாத வேகமான ஆட்டத்தை வகுத்தால் களைப்பது நம் டிஃபென்ஸ்தான். நான்காவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில்) ஹெட் கோச் துணிந்து ஆடுவாரா, பன்ட் செய்வாரா, அதாவது பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவாரா? இது தெரிந்தால்தான் மூன்றாவது டவுனுக்கு என்ன பிளே வைப்பது என்பது தெரியும்.

ஆட்களைப் பார்க்கும்போது குவாட்டர்பேக்கிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம். பந்தைப் பின்னால் அனுப்பித் தரும் சென்டரிலிருந்து தொடங்குங்கள். ஐந்து யார்டு பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கின் நெஞ்சுக்குப் பந்தைத் துல்லியமாக அனுப்பக்கூடிய பையன் இல்லையென்றால் அப்படி நிற்கும் ஷாட்கன் ஃபார்மேஷனே (அமைப்பே) வேண்டாம். பந்து தலைக்கு மேல் போனால் ஒரே ஸ்னாப்பில் 15 யார்டு போய்விடும். பிறகு சென்டருக்கு இரு பக்கமும் நிற்கும் கார்டுகள். இரண்டு கார்டில் ஒருவராவது தன் இடத்தைவிட்டு இழுத்து ஓடி, மறுபக்கம் போய், எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் ஓடுகிற லைன்பேக்கரைக் கண்டுபிடித்து மறிக்க முடியுமா? முடியுமென்றால் பவர், கவுன்டர் என்ற ரன் பிளே இரண்டும் உங்களுக்கு உண்டு. எல்லோரும் கனத்த, மெதுவான பையன்கள் என்றால் நடுவே ஓடும் இன்சைடு சோன் சரி. சிறிய, சுறுசுறுப்பான லைன் என்றால் ட்ராப், ஸ்வீப் என்று விங்-டி என்ற ஆட்டமுறையின் பக்கம் போகலாம். ஆட்களுக்கேற்ற முறை என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் நடைமுறைப் பொருள் இந்த ஐந்து லைன்மேன்களால் என்ன முடியும் என்பதுதான். பாஸ் பிடிக்கும் நல்ல ரிசீவர் இல்லாமல்கூட ஒரு சீசனை ஓட்டிவிடலாம், லைனுக்குப் பொருந்தாத ரன் பிளேயை வைத்து நான்கு மேட்ச் ஓட்ட முடியாது.

இனி பெயர். எந்தப் பெயர் முறை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், நடுவில் மாற்றினால் எல்லாம் குழம்பும். ரன்னுக்குப் பெரும்பாலான பள்ளிகளில் புழங்குவது எண் முறை: லைன்மேன்களுக்கு நடுவே உள்ள வலப்பக்க இடைவெளிகளுக்கு இரட்டை எண், இடப்பக்கத்துக்கு ஒற்றை எண், முன்னால் ஒரு எண் பந்தைச் சுமப்பவருக்கு. ‘26 பவர்’ என்றால் 2 என்ற பேக் (பின்வரிசை வீரர்), வலப்பக்கம் 6 என்ற இடைவெளி. இதை மாற்றத் தேவையில்லை, பையன்கள் நடுநிலைப் பள்ளியிலேயே பழகியிருப்பார்கள்.

பாஸுக்குத்தான் யோசனை தேவை. டான் கொரியல் என்ற கோச்சின் வழியில் ஒவ்வொரு ஓட்டப்பாதைக்கும் ஒரு எண்: 2 என்றால் ஸ்லான்ட், 4 கர்ல், 5 அவுட், 7 கார்னர், 8 போஸ்ட், 9 நேராக ஓடு. இரட்டை எண் உள்ளே, ஒற்றை எண் வெளியே. மூன்று இலக்கத்தில் மூன்று ரிசீவருக்கும் பாதை சொல்லிவிடலாம். கற்பதற்கு எளிது, ஆனால் ஒரு ரிசீவர் தன் எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவர் ஏன் அப்படி ஓடுகிறார் என்று தெரியாமலே ஓடுவார். எர்ஹார்ட், பெர்க்கின்ஸ் என்ற இரு கோச்சுகளின் பெயரால் வழங்கும் எர்ஹார்ட்-பெர்க்கின்ஸ் வழியில் ஒரு முழுப் பக்கத்துக்கும் ஒரே சொல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பல வருடம் ஆடியது இதை. ‘ஸ்டிக்’ என்று சொன்னால், வெளியிலிருந்து எண்ணும்போது தான் முதலாமவரா, இரண்டாமவரா, மூன்றாமவரா என்று பார்த்து ஒவ்வொருவரும் தன் பாதையை எடுத்துக்கொள்வார்கள். யார் எங்கே நின்றாலும் கான்செப்ட் மாறாது. பள்ளி அணிக்கு இதுவே ஏற்றது என்பேன். ஒரு பையன் காயப்பட்டு வேறொருவர் அந்த இடத்துக்கு வரும்போது இதன் அருமை தெரியும்.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். வலம், இடத்துக்கு ‘ரிப்’ (ரைட்டின் R), ‘லிஸ்’ (லெஃப்டின் L) என்று முதல் எழுத்திலேயே பக்கம் தெரிகிற சொற்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொல் பிளேபுக்கில் இருக்கவே கூடாது. கூட்டத்தின் இரைச்சலில் ‘ஸ்டிக்’ என்பதும் ‘கிக்’ என்பதும் ஒன்றுதான். அழைப்பின் வரிசையும் எப்போதும் ஒன்றே: ஃபார்மேஷன், மோஷன் (ஸ்னாப்புக்கு முன் ஒருவர் இடம் மாறி ஓடுவது), பிளே, கடைசியில் மாற்றம் ஏதாவது இருந்தால் அது. முழு அழைப்பையும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை என்றால் நீளம். 40 நொடிக் கடிகாரத்தில் 25 நொடி மீதமிருக்கும்போதே அழைப்பு குவாட்டர்பேக் காதில் விழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் இருக்கும்.

ஃபார்மேஷன்கள் நான்கு போதும்: இரு பக்கமும் இரண்டிரண்டு ரிசீவர், ஒரு பக்கம் மூன்று, டைட் எண்டோடு (லைனின் ஓரத்தில் நின்று மறிக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவரோடு) ஒன்று, குறுகிய யார்டுக்கு ஒன்று. வேறுபாடு வேண்டுமென்றால் மோஷன் மூலம் கொண்டுவாருங்கள், மோஷனுக்கு லைன்மேன்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்வது விதியில். பின்வரிசையில் நான்கு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. முன்வரிசையின் இரு ஓரத்தில் இருப்பவர்களும் பின்வரிசைக்காரர்களும் மட்டுமே பாஸ் பிடிக்கலாம். டைட் எண்டுக்கு வெளியே இன்னொரு ரிசீவர் முன்வரிசையிலேயே நின்றுவிட்டால் டைட் எண்ட் மூடப்பட்டுவிடுவார், அவர் பாஸுக்கு ஓடினால் கொடி, அதாவது பெனால்டி. ஆகவே ஒவ்வொரு ஃபார்மேஷன் படத்திலும் யார் கோட்டில், யார் ஒரு யார்டு பின்னால் என்பதைத் தெளிவாக வரைய வேண்டும். ஒரு வட்டத்தை அரை அங்குலம் இறக்கி வரைந்தால் போதும் என்று விட்டுவிடாமல் எழுத்திலும் எழுதுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு பிளேயும் பக்கவாட்டில் எங்கிருந்து தொடங்கலாம் என்று வரம்பிடும் ஹாஷ் கோடுகள். களத்தின் அகலம் 160 அடி. ஹைஸ்கூல் களத்தில் ஹாஷ் கோடுகள் அதைச் சரியாக மூன்றாகப் பிரிக்கின்றன, ஒவ்வொன்றும் 53 அடி 4 அங்குலம். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் மூன்றில் ஒரு பங்கு, மறுபக்கம் மூன்றில் இரண்டு பங்கு. கல்லூரியில் ஹாஷ்களின் இடைவெளி 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம் மட்டுமே, அங்கே பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கும். என்எஃப்எல் பிளேபுக்கிலிருந்து எடுத்த அவுட் பாஸ் 16 வயதுப் பையனின் கையில் தோற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அகன்ற பக்கத்துக்கு எறிந்தால் பந்து காற்றில் நெடுநேரம் இருக்கும், எதிரணியில் ரிசீவரைக் காக்கும் கார்னர் அதற்குள் ஓடிவந்துவிடுவார். பிளேபுக்கில் ஒவ்வொரு பாஸுக்கும் எந்த ஹாஷிலிருந்து, எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

சரி, ஒரு பிளேயின் பக்கம் எப்படி இருக்க வேண்டும்? பவரையே எடுத்துக்கொள்வோம், வலப்பக்கம் ஓடுவதாக. எதிரணி முன்வரிசையில் நான்கு பேர். நம் வலது கார்டின் வெளித்தோளுக்கு நேரே ஒருவர் நிற்கிறார், கோச்சுகள் பாஷையில் 3 டெக்னிக். டைட் எண்டின் வெளிப்பக்கம் டிஃபென்ஸிவ் எண்ட். வலது கார்டும் அவருக்கு வெளியே நிற்கும் வலது டேக்கிளும் இடுப்போடு இடுப்பு ஒட்டி அந்த 3 டெக்னிக்கைச் சேர்ந்து தள்ளுகிறார்கள், கண் மட்டும் மறுபக்க லைன்பேக்கர் மேல். அவர் இவர்களின் பக்கம் வந்ததும் ஒருவர் கழன்று அவரை எடுத்துக்கொள்வார். நம் டைட் எண்ட் அந்த டிஃபென்ஸிவ் எண்டைத் தொடாமல் உள்ளே போய் நடு லைன்பேக்கரிடம் போகிறார். தனியாக விடப்பட்ட அந்த எண்டை பின்வரிசையில் நின்று மறிக்கிற ஃபுல்பேக் உள்ளிருந்து வெளியே மோதித் தள்ளுகிறார். இடது கார்டு இழுத்து ஓடிவந்து, ஃபுல்பேக்கின் மோதலுக்கும் அந்த இரட்டைத் தள்ளலுக்கும் நடுவே திறக்கும் வாசலில் நுழைந்து, இந்தப் பக்க லைன்பேக்கரைத் தேடுகிறார். இடது கார்டு விட்டுப்போன இடத்தைச் சென்டர் பின்பக்கம் மறித்து மூடுகிறார். இடது டேக்கிள் முதலில் உள் இடைவெளியை அடைத்து, பிறகு வெளியே திரும்பித் தன் பக்க எண்டைப் பிடிக்கிறார்.

இதை இத்தனை நீளமாக யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு சொல்லில் ஒரு விதி இருக்க வேண்டும். வலது டேக்கிளுக்கு: ‘உள் இடைவெளி, இல்லையேல் பின் லைன்பேக்கர்’. சென்டருக்கு: ‘இழுப்பவர் விட்ட இடம்’. இழுக்கும் கார்டுக்கு: ‘ஃபுல்பேக்கின் பின்புறம் பார், உள்ளே திரும்பு, முதல் எதிரி’. விதி சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. நான்கு பேர் வரிசை, மூன்று பேர் வரிசை, சென்டரையும் இரு கார்டுகளையும் மூடி நிற்கும், ‘பேர்’ (Bear, கரடி) எனப்படும் வரிசை என மூன்றையும் பலகையில் வரைந்து, விதியை மட்டும் வாசித்து ஒவ்வொருவருக்கும் கோடு போடுங்கள். எங்காவது இரண்டு பேர் ஒரே ஆளை மறித்தாலோ, உள்ளே ஒருவர் விடுபட்டாலோ விதியைத் திருத்த வேண்டும். ‘பேர் வரிசையில் மட்டும் இப்படி’ என்று ஒரு விலக்கு சேர்ப்பது எளிது. மூன்று விலக்கு சேர்ந்தால் அந்தப் பையன் தயங்குவான், லைனில் தயங்குகிறவன் மறிப்பதில்லை.

அதே பக்கத்தின் அடியில் என்ன கெடும் என்பதும் இருக்க வேண்டும். பவரில் அடிக்கடி கெடுவது மூன்று. முதலாவது, ரன்னிங்பேக் அவசரப்பட்டு இழுக்கும் கார்டுக்கு முன்னால் ஓடிவிடுவது. அதற்கு மருந்து, பந்தை வாங்கும் முன் எதிர்ப்பக்கம் ஒரு சிறிய அடி வைக்கச் சொல்வது. இரண்டாவது, டிஃபென்ஸிவ் எண்ட் நேரே நிற்காமல் ஃபுல்பேக்கின் உட்தோளுக்குக் கீழே நுழைந்து வாசலை அடைத்துவிடுவது. நன்றாகப் பயிற்சி பெற்ற எண்டுகள் இதைத்தான் செய்வார்கள். அப்போது ஃபுல்பேக் வெளியே தள்ளப் போராடாமல் அவரை அங்கேயே உள்ளே சிறைவைக்க வேண்டும், கார்டு அதைப் பார்த்து வெளியே சுற்றிப் போக வேண்டும், பேக் கார்டைப் பின்தொடர வேண்டும். மூன்று பேரும் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே முடிவுக்கு வருவது பேச்சில் வராது, அதற்கென்றே தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, சென்டருக்கும் கார்டுக்கும் இடைவெளி 2 அடிக்கு மேல் விரிந்து, பின்பக்கத்திலிருந்து ஒருவர் பாய்ந்து வருவது. சென்டரால் அந்தத் தூரத்தை எட்ட முடியாது. இடைவெளியைக் குறைத்தாலே தீர்ந்துவிடும்.

பவர் ஓடத் தொடங்கினால் எதிரணி லைன்பேக்கர்கள் இழுக்கும் கார்டைப் பார்த்தே ஓட ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் கவுன்டர். பேக்கின் முதலடி ஒரு பக்கம், கார்டு இழுப்பது மறுபக்கம். பிறகு பவர் போலவே காட்டி, டைட் எண்டை அவர்கள் தலைக்குப் பின்னால் அனுப்பி எறியும் ப்ளே ஆக்‌ஷன். ஒரே முகம், மூன்று முடிவு. டெலவேர் பல்கலைக்கழகத்தின் விங்-டி அணிகள் இப்படித்தான் தொடர் தொடராக ஆடின: பக் ஸ்வீப், அதே நகர்வில் ட்ராப், அதே நகர்வில் வாகிள் என்ற பாஸ். புதிய பிளே ஒன்றைச் சேர்க்க ஆசை வந்தால், ஏற்கெனவே உள்ள எந்தப் பிளேக்கு இது ஜோடி என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் இல்லாத பிளே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே வரக்கூடாது.

பாஸுக்கு வரும்போது, ரிசீவர் பாதைகளை வரையும் முன் குவாட்டர்பேக்குக்கான பாதுகாப்பை வரையுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம், செப்டம்பரில் அடிபடுவது குவாட்டர்பேக். முதல் வருடத்துக்கு இரண்டே பாதுகாப்பு: ஒன்று ஆறு பேர் மறிப்பது, இன்னொன்று பூட்லெக்குக்கு. ஆறு பேர் முறையில் சென்டரும் இடப்பக்க இருவரும் சேர்ந்து இடப்பக்கம் சரிகிறார்கள், ஆளுக்கொரு இடைவெளி. வலது கார்டும் டேக்கிளும் தங்கள் முன் நிற்கும் பெரிய ஆட்களை எடுத்துக்கொள்கிறார்கள். ரன்னிங்பேக் வலப்பக்கம் நின்று உள் லைன்பேக்கரை முதலில், அவர் வரவில்லையென்றால் வெளி லைன்பேக்கரைப் பார்க்கிறார். அந்தப் பக்கம் லைன்பேக்கர்கள் இருவருமே வந்துவிட்டால்? பேக் உள்ளே வருபவரை எடுத்துக்கொள்வார், வெளியே வருபவருக்கு ஆளில்லை. அவரைத் தோற்கடிக்க வேண்டியது குவாட்டர்பேக், பந்தை உடனே எறிந்து. அப்போது யாருக்கு எறிவது என்பது ஒவ்வொரு பாஸ் பக்கத்திலும் சிவப்பில் எழுதியிருக்க வேண்டும். அது எழுதப்படாத பாஸ் பிளே முடிந்த பிளே ஆகாது.

ஸ்டிக் நல்ல முதல் பாஸ். ஒரு பக்கம் மூன்று ரிசீவர்: வெளியே நிற்பவர் நேராக ஓடிக் கார்னரைக் கூட்டிப்போகிறார், இரண்டாமவர் பக்கவாட்டில் ஃபிளாட்டுக்கு (கோட்டருகே உள்ள ஓரப் பகுதிக்கு), மூன்றாமவர் 6 யார்டு ஓடி நின்று திரும்புகிறார். குவாட்டர்பேக் பார்க்க வேண்டியது ஒரே ஒருவரை, ஃபிளாட்டைக் காக்கும் லைன்பேக்கரை. அவர் வெளியே ஓடினால் ஸ்டிக், உள்ளே நின்றால் ஃபிளாட். ஆளுக்கு ஆள் காவல் என்றால் ஸ்டிக்காரர் நிற்காமல் வெளியே வெட்டி ஓட வேண்டும். 6 யார்டு என்பதில் பையன்கள் ஏமாற்றுவார்கள், 4 யார்டிலேயே திரும்பிவிடுவார்கள். அப்போது ஒரே லைன்பேக்கர் இரண்டு பேரையும் காத்துவிடுவார். பயிற்சிக் களத்தில் 6 யார்டில் ஒரு கோன் வையுங்கள்.

மற்ற நான்குக்கும் தனித்தனி வேலை இருக்க வேண்டும்: ஆளுக்கு ஆள் காவலுக்கு மெஷ், இரண்டு சேஃப்டி (கடைசிக் காவலர்கள்) பின்னால் நிற்கும் கவர் 2க்கு ஸ்மாஷ், ஒரே சேஃப்டி நிற்கும் கவர் 3க்கு ஃபோர் வெர்டிகல்ஸ், கார்னர் 7, 8 யார்டு தள்ளி நின்றால் ஹிட்ச். ஃபோர் வெர்டிகல்ஸ் மட்டும் உங்கள் லைன் மூன்று நொடி தாங்கும் என்றால்தான். இல்லையென்றால் அதன் இடத்தில் பூட்லெக் செய்யும் வேலையே போதும். ஓடிக்கொண்டே ஒரே பக்கத்தில் ஆழம், நடு, அருகு என்று மூன்று உயரத்தைப் பார்ப்பது இளம் குவாட்டர்பேக்குக்கு எளிது.

ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்) இல்லாமல் இன்று பிளேபுக் எழுதுகிறவர்கள் குறைவு. ரன்னுக்கு மறித்துக்கொண்டிருக்கும்போதே குவாட்டர்பேக் ஒரு லைன்பேக்கரைப் பார்த்துப் பந்தைக் கொடுப்பதா எறிவதா என்று முடிவு செய்வது. நல்ல ஆயுதம்தான். ஆனால் ஹைஸ்கூல் விதியில் லைன்மேன்கள் பந்து கையை விடும் முன் 2 யார்டுக்கு மேல் முன்னே போகக்கூடாது, கல்லூரியில் அது 3 யார்டு. டெக்சஸ் பள்ளிகள் கல்லூரி விதியில் ஆடுகின்றன, பெரும்பாலான மாநிலங்கள் அப்படியல்ல. கல்லூரி வீடியோவைப் பார்த்து மெதுவாக உருவாகும் பாஸை ரன்னோடு ஒட்டினால் கொடி பறக்கும். முதல் வருடம் உடனே எறியக்கூடிய ஒன்றே ஒன்றை மட்டும் ஒட்டுங்கள்.

கற்றுக்கொடுக்கும் வரிசை மூன்று நாள் சுற்று. முதல் நாள் இன்சைடு சோன், ஸ்டிக். இரண்டாம் நாள் பவர், பூட்லெக். மூன்றாம் நாள் கவுன்டர், மெஷ், ஒரு ஸ்கிரீன். நான்காம் நாள் புதிதாக எதுவும் இல்லை, திரும்ப முதல் நாள். முதல் தடவை காணாமல் போனவர்களும் இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலான மாநிலங்களில் வெயிலுக்குப் பழகுவதற்காக ஆகஸ்டின் முதல் சில நாட்கள் ஹெல்மெட் மட்டுமே, முழு பேட் பிறகுதான். மோதல் தேவைப்படும் பவரின் ஃபுல்பேக் பிளாக்கை அந்த நாட்களில் கற்பிக்க முடியாது. கால் வைப்பு, பாதைகள், ஸ்னாப், குரல் எண்ணிக்கை இவற்றுக்கு அந்த நாட்களைக் கொடுங்கள். ஹடிலில் எப்படி நிற்பது, குவாட்டர்பேக் என்ன சொல்வார், எந்தச் சொல்லில் பந்து நகரும் என்பது பிளேபுக்கின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். மறந்துபோகும் பக்கமும் அதுதான்.

பிளேபுக் வேறு, மேட்ச் நாளில் கையில் வைத்திருக்கும் அழைப்புத் தாள் வேறு. தாள் சூழ்நிலை வாரியாக இருக்கும்: முதல் டவுன், இரண்டாவது டவுனில் அதிக தூரம், மூன்றாவது டவுனில் 1 முதல் 2 யார்டு, 3 முதல் 6, 7க்கு மேல், சொந்த 5 யார்டுக்குள் மாட்டிக்கொண்டால், எதிரணியின் 20 யார்டுக்குள், கோல் லைன், கடைசி 2 நிமிடம், இரண்டு பாயிண்ட். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு, மூன்று பிளே. வியாழனன்று பதற்றமில்லாமல் எழுதிய விடை, வெள்ளி இரவு தோன்றுவதைவிடச் சரியாக இருக்கும். கோச் பில் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers அணியில் முதல் 25 பிளேயை முன்கூட்டியே எழுதி வைத்தது இதனால்தான். பள்ளி அணிக்கு முதல் 8 போதும். அந்த எட்டில் உங்கள் நான்கு ஃபார்மேஷனும் ஒரு மோஷனும் வந்துவிட வேண்டும். எதிரணி ஒவ்வொன்றுக்கும் எப்படி நிற்கிறது என்று மைதானத்தின் மேலே உள்ள அறையில் உட்கார்ந்திருக்கும் உதவிக் கோச் எழுதிக்கொள்வார். அந்த எழுத்துத்தான் இரண்டாவது குவாட்டரின் தாள்.

தாளின் பின்பக்கத்தில் இன்னொரு சிறு பட்டியல்: அவர்கள் இப்படிச் செய்தால் நாம் இது. எண்ட் உள்ளே நுழைந்தால் ஸ்வீப். லைன்பேக்கர்கள் கார்டோடு ஓடினால் கவுன்டர். நாம் ஏழு பேர் மறிக்கும்போது அவர்கள் எட்டுப் பேரை உள்ளே நிறுத்தினால் எறி. சேஃப்டி ரன்னுக்கு இறங்கிவந்தால் ப்ளே ஆக்‌ஷன். எந்த வரிக்காவது எதிரில் எழுத பிளே இல்லையென்றால் அங்கேதான் பிளேபுக்கில் ஓட்டை, சேர்ப்பதென்றால் அங்கே சேருங்கள்.

மேட்ச் முடிந்ததும் ஹட்ல் போன்ற செயலியில் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் டவுன், தூரம், ஹாஷ், ஃபார்மேஷன், பிளே, கிடைத்த யார்டு ஆகியவற்றைப் பதிய வேண்டும். முதல் டவுனில் 4 யார்டு கிடைத்தால் அந்த பிளே வென்றது என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு மேட்ச் சேர்ந்ததும் நம்மை நாமே எதிரணிபோலப் பார்க்க வேண்டும். டைட் எண்ட் ஃபார்மேஷனில் பத்தில் எட்டுத் தடவை ரன் என்று தெரிந்தால், எதிரணி கோச்சுக்கும் அது தெரியும். புது பிளே வேண்டாம், இருக்கும் ஸ்டிக்கை அந்த ஃபார்மேஷனிலிருந்து ஓட்டினால் போதும். இரண்டு மேட்ச் தொடர்ந்து அழைக்கப்படாத பிளே தாளிலிருந்து போகட்டும், அதற்குச் செலவான ரெப்பை பவருக்குக் கொடுங்கள்.

பெயர்ப் பட்டியலை மட்டும் ஜேவி (பள்ளியின் இரண்டாம் நிலை அணி), ஒன்பதாம் வகுப்பு அணி, அந்தப் பள்ளிக்கு மாணவர்களை அனுப்பும் நடுநிலைப் பள்ளி ஆகியவற்றின் கோச்சுகளுக்கும் இந்த வருடமே கொடுத்துவிடுங்கள். அவர்கள் உங்கள் பிளேக்களை எல்லாம் ஓட்ட வேண்டியதில்லை. இடைவெளி எண்ணும், ரிப், லிஸ் சொற்களும், குரல் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் போதும், அடுத்த ஆகஸ்டில் முதல் மூன்று நாள் மிச்சமாகும்.